கல்லும் பிசினும்

விழுப்புரத்தில் என் தங்கை கட்டிக்கொண்ட புதிய வீட்டின் கிருகப்பிரவேசத்தன்று, விடியற்காலை நான்கரை மணிக்கு, அடுக்களையில் பால் காய்ந்து பொங்கி வழிந்து, கூடியிருந்த பெண்டிர் முகமெல்லாம் மலர்ந்து நின்ற அந்தச் சுபவேளையில், உறவு வழியில் வந்திருந்த மூதாட்டி ஒருவர், அக்கினி தேவனுக்கு ஆராதனை காட்டாமல் அடுப்பை விட்டு அகலுவது தகாது என்று எண்ணி, தட்டோ கரண்டியோ கைக்கு அகப்படாத அவசரத்தில், பாலைப் போலவே வெளுத்திருந்த சமையல் மேடையின் மீதே ஒரு கற்பூரக் கட்டியை வைத்து ஏற்றிவிட்டார். கற்பூரம் மிச்சமின்றி எரிந்து மறைவதை நம் பெரியோர் வேதாந்தத்துக்கு உவமையாகச் சொல்வதுண்டு. அன்று மட்டும் அது மிச்சம் வைத்துவிட்டுப் போயிற்று. ரூபாய் நாணயம் அளவுக்கு, நடுவில் பழுப்பும் ஓரத்தில் மஞ்சளுமாக ஒரு வடு, வந்தவர்கள் அனைவரும் முதலில் பார்க்கக்கூடிய இடத்தில், பூத்துவிட்டது.

சோப்புத் தண்ணீர், எலுமிச்சம்பழம், புளி, சமையல் சோடா என்று வீட்டிலிருந்த பதார்த்தங்களையெல்லாம் வரிசையாகப் பிரயோகித்துக் களைத்துப்போன தங்கையின் மருமகள், பந்தி முடிந்து நான் கை கழுவ வந்தபோது, "இது கல்லுதானே மாமா, கல்லு எப்படித் தீயும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. குவார்ட்ஸ் என்ற பெயரில் சதுர அடி விலைபேசி வாங்கிய பொருளைக் கல் என்று நம்பியதில் அவள் பிழை ஒன்றும் இல்லை. கல் தீயவில்லை, அதற்குள்ளே கல்லோடு கல்லைப் பிடித்து வைத்திருந்த பிசின் தீய்ந்துவிட்டது என்று நான் சொன்ன பதில், பந்தியிலிருந்து எழுந்தவன் சொல்லும் சமாதானமாகவே அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். விரிவாகச் சொல்ல அன்று அவகாசம் இல்லாமற் போனதால், திண்டிவனத்துக்குத் திரும்பிய பின் இதை எழுத உட்கார்ந்தேன்.

குவார்ட்ஸ் நமக்குப் புதியது அன்று, பெயர்தான் புதியது. செம்மண் காட்டில் உழவு ஓட்டும்போது கொழுவில் தட்டுப்படுகிற வெள்ளை வெங்கச்சாங்கல் குவார்ட்ஸ்தான். இளமையில் இரண்டு வெங்கச்சாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு, இருட்டறையில் போர்வைக்குள் புகுந்து ஒன்றோடொன்று உரசி, உள்ளுக்குள்ளே மின்னும் ஒளியைக் கண்டு வியந்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். ஆற்று மணலில் பெரும் பகுதி அதே பொருள். மாசு மறுவற்றுத் தெளிந்த நிலையில் அதற்கே ஸ்படிகம் என்று பெயர். பழைய தமிழில் பளிங்கு என்ற சொல்லும் ஸ்படிகத்தையே குறித்தது, சலவைக்கல்லுக்கு அது பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

ஸ்படிகத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1894-இல் விழுப்புரத்தில் பிறந்து, திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பையன், 1907-இல் காஞ்சி காமகோடி பீடத்தில் அமர்ந்து, ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி என்ற பெயருடன் நீண்ட ஆயுள் முழுவதும் பூஜித்த சந்திரமௌலீசுவரர், ஸ்படிக லிங்கம். தலைமுறை தலைமுறையாகப் பால், தயிர், தேன், பழரசம் என்று அபிஷேகம் கண்டும், அந்தக் கல்லில் ஒரு கறை ஏறியதில்லை. புளிப்பு அதை அரித்ததில்லை. காரணம் எளிது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. சமையலறையில் புழங்கும் எந்தப் புளிப்பும் எந்தக் காரமும் அதை அசைக்காது. கண்ணாடியையே தின்னக்கூடிய ஹைட்ரோபுளோரிக் அமிலம் போன்ற கொடிய திராவகம்தான் அதைக் கரைக்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சலவைக்கல்லுக்கு 3, கத்தியின் எஃகுக்கு ஐந்தரையை ஒட்டிய எண், குவார்ட்ஸுக்கு 7. அது உருக வேண்டுமானால் உஷ்ணம் 1,700 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். இப்படிப்பட்ட வஸ்துவுக்குப் பராமரிப்பு என்ன வேண்டியிருக்கிறது? ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் கடையில் நாம் வாங்கும் பலகை முழுவதும் அந்த வஸ்து அன்று.

மலையில் வெட்டி, அறுத்து, பளபளப்பு ஏற்றி விற்கும் கிரானைட்டைப் போலக் குவார்ட்ஸ் பலகை பூமியிலிருந்து பலகையாக வருவதில்லை. குவார்ட்ஸைக் குறுமணலாகவும் மாவாகவும் அரைத்து, அதனுடன் பாலியெஸ்டர் பிசினையும் வர்ணப் பொடிகளையும் கலந்து பிசைந்து, அகன்ற அச்சில் பரப்பி, உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியேற்றியபடியே அதிரவைத்து அழுத்தி, பின்பு சூளையில் மிதமான சூட்டில் இறுகவைத்து, வைரத்துகள் பதித்த சக்கரங்களால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். இத்தாலியில் 1963-இல் மார்செல்லோ தொன்செல்லி தொடங்கிய பிரெட்டன் நிறுவனம் வகுத்த முறை இது; ஸ்பெயினிலும் இஸ்ரேலிலும் பெயர்பெற்ற பலகைகளெல்லாம் இந்த வழியில் வந்தவையே. நம் நாட்டில் விசாகப்பட்டினத்தை அடுத்த அச்சுதாபுரத்தில் பொகர்ணா நிறுவனத்தார் அதே இயந்திரங்களைக் கொண்டு பலகை வார்த்துக் கடல் கடந்தும் அனுப்புகிறார்கள்.

நிறுத்துப் பார்த்தால் பலகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குக் குறையாமல் கல், மிச்சம் பிசின் என்று வியாபாரிகள் சொல்லுவது உண்மை. ஆனால் பிசின் கல்லைவிட மிகவும் லேசானது. ஆகையால் நிறையில் பத்தில் ஒன்றாக இருக்கும் அது, இடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கை விற்பவர் யாரும் சொல்வதில்லை, கேட்பவரும் இல்லை. மேடையின் மேற்பரப்பில் நம் விரல் படும் இடமெல்லாம் கல்லும் பிசினும் கலந்தே படுகின்றன. குவார்ட்ஸ் மேடையை எப்படிப் பேணுவது என்று எவராவது கேட்டால், அந்த ஐந்தில் ஒரு பங்கை எப்படிப் பேணுவது என்று அவர் கேட்பதாகவே பொருள் கொள்ள வேண்டும்.

பிசின் இல்லாமலே சிலிக்கா இறுகி நிற்பதைக் காண விரும்புவோர் திண்டிவனத்துக்குத் தெற்கே, வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரைக்கு ஒருமுறை சென்று வர வேண்டும். சந்திரமௌலீசுவரர் என்ற திருநாமத்துடன் சிவபெருமான் கோயில் கொண்ட ஊர். வக்கிரகாளி சந்நிதிக்குப் பௌர்ணமிதோறும் ஜனங்கள் திரளுவார்கள். அங்கிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டர் தூரத்தில், செம்மண் மேட்டில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சோனேரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-இலேயே அவற்றைக் குறித்து எழுதினார். 1940-இல் அந்த இடம் பூங்காவாக அமைந்தது. இருநூறு மரங்கள் வரை உண்டு. மூன்று மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் வரை நீளம். கிளை இல்லை, இலை இல்லை, அடிமரங்கள் மட்டுமே. சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் மரத்தின் நாளங்களில் ஊறி ஊறி, மரம் மக்கிய இடத்தையெல்லாம் தான் நிரப்பிக்கொண்டு, ரேகை மாறாமல், வளையம் கலையாமல், மரத்தைக் கல்லாக மாற்றி வைத்திருக்கிறது. புளியமரம் சேர்ந்த அவரைக் குடும்பத்து மரங்களும் அவற்றுள் இருப்பதாகத் தாவர சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அவற்றின்மேல் விழுகின்றன. யாரும் துடைப்பதில்லை, மெருகு பூசுவதில்லை. தொட்டால் குளிர்ந்து வழுவழுவென்று இருக்கும் சில துண்டங்களை நான் நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றதுண்டு.

இதே விழுப்புரம் ஜில்லாவில் மண்டகப்பட்டுக் குன்றில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாகக் கல்வெட்டில் மகேந்திரவர்மன் பெருமைப்பட்டுக்கொண்டதும் ஒருவகையில் இதே சங்கதிதான். கல்லை மட்டும் நம்பியதால் ஆயிரத்து நானூறு ஆண்டாகியும் அது கரையாமல் நிற்கிறது. நம் மேடைக்கு அத்தனை ஆயுள் வேண்டாம். பேரன் கல்யாணம் வரையில் மஞ்சள் பூக்காமல் இருந்தால் போதும்.

பிசினுக்கு முதல் பகை உஷ்ணம். உற்பத்தியாளர்கள் பொதுவாக 150 டிகிரியை எல்லையாகச் சொல்கிறார்கள். அதற்கு மேல் பிசின் நிறம் மாறும், மெருகு மங்கும். அது மட்டுமன்று. சூடேறினால் பிசின் கல்லைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும் ஸ்வபாவமுடையது. பலகையின் ஓர் இடம் மட்டும் கொதித்துச் சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால், விரிய முயலும் பகுதிக்கும் விடாத பகுதிக்கும் நேரும் இழுபறியில் விரிசல் பிறந்துவிடும். குக்கரின் உள்ளே நீராவி 120 டிகிரி வரை ஏறுகிறது. அதன் அடித்தட்டு தீயில் நேராக நின்றதாகையால் இன்னும் அதிகம். வடைக்கு எண்ணெய் காய்ந்த இருப்புச்சட்டி 180 டிகிரி. தோசைக்கல் இருநூறைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே, அடுப்பிலிருந்து இறக்கிய எதையும், ஒரு நிமிஷத்துக்குத்தானே என்ற சமாதானம் சொல்லிக்கொண்டு, மேடையில் நேராக வைக்கக் கூடாது.

இதற்கு உபாயத்தை நம் பாட்டிமார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வைக்கோற் புரியையோ தென்னை நாரையோ வளையமாக முறுக்கிச் செய்த பிரிமணை, உருண்டை அடிப் பானை சாயாமல் நிற்பதற்காக ஏற்பட்டது. சூட்டைக் கீழே விடாமல் தடுப்பதிலும் கடையில் பளபளவென்று விற்கும் ரப்பர்த் தட்டுகளுக்கு அது சளைத்ததன்று. கேஸ் அடுப்பைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் பெரும்பாலும் அடுப்பு மேடையின் மேல் கால் ஊன்றி நிற்கிறது; அந்தக் கால்களின் ரப்பர் தேய்ந்துபோய் அடுப்பு தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், விசேஷ நாட்களில் அண்டா அளவுப் பாத்திரத்தை ஏற்றி மணிக்கணக்கில் எரியவிடாமல் அதைக் கொல்லைப்புறத்து அடுப்புக்கு அனுப்பிவிடுவதும் நலம். கற்பூரத்தைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை. அகல் விளக்கோ, தூபக்காலோ, ஊதுவத்தியோ, எதுவாயினும் தட்டின் மேல்தான் இருக்க வேண்டும்.

தீய்ந்த இடத்தைத் துடைத்து எடுக்க இயலாது. கறை என்பது மேலே வந்து ஒட்டிய வேறொரு பொருள். அதைக் கரைத்து எடுக்கலாம். தீய்ந்த பிசினோ பலகையின் சொந்த உடம்பு. அந்த இடத்தை மட்டும் வைரச் சக்கரம் கொண்டு இழைத்துத் தருகிறேன் என்று வருகிறவர்கள் உண்டு. ஆலையில் ஏறிய மெருகு கை இயந்திரத்தால் அதேபடி வருவது அரிது, ஆகையால் வடு இருந்த இடத்தில் மங்கலான ஒரு குழிவட்டம் வந்து சேரும். தங்கை வீட்டுக்கு வந்த ஒருவர் அவ்வாறு செய்ய அனுமதி கேட்டபோது, வேண்டாம் என்று நான் தடுத்ததற்கு இதுவே காரணம்.

கறைகளுக்கு வருவோம். திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம் என்பதன் திரிபு. திந்திரிணி என்றால் புளி. ஊர்ச் சிவனும் திந்திரிணீசுவரர். புளியங்காட்டில் பிறந்த எங்களுக்குப் புளிக்கரைசல் சிந்தாத அடுக்களை கிடையாது. முன்பு வீடுகளில் போட்ட கடப்பாக் கல் ஒருவகைச் சுண்ணாம்புப் பாறை. அதில் புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்டுப் பட்டு மெருகு போய்ச் சாம்பல் பூத்துவிடும். சலவைக்கல்லும் அப்படியே. குவார்ட்ஸ் மேடைக்குப் புளி ஒரு பொருட்டே இல்லை. சிந்தியதை வழித்துத் துடைத்துவிட்டால் சுவடு தெரியாது. ரசம், தக்காளி, மோர் எல்லாவற்றுக்கும் இதே விதி.

மஞ்சள் வேறு ஜாதி. அதன் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் என்ற சத்து, தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். தாளித்த குழம்பில் எண்ணெயோடு கலந்து வந்த மஞ்சள், இரவு முழுதும் வெள்ளைப் பலகையில் கிடந்தால், கல்லைத் தொடாவிட்டாலும் பிசினில் மெல்லச் சாயம் ஏற்றிவிடும். இதைக் கழுவ முனைந்தவர்கள் ஒரு விநோதத்தைக் காண்பார்கள்; சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்துபோகும், கறை பெருகிவிட்டதே என்று நெஞ்சு படபடக்கும். பயம் வேண்டியதில்லை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கும்போது செக்கச் சிவக்கிறதே, அந்த ரசாயனம்தான் இது. சோப்பிலும் காரம் உண்டு, அலம்பிவிட்டால் சிவப்பு அடங்கும். மிஞ்சும் மஞ்சளுக்குச் சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பற்றுப்போல் போட்டுப் பத்து நிமிஷம் கழித்து மெல்லத் தேய்த்து எடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால், மருந்துக் கடையில் விற்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஒற்றி ஒற்றி எடுத்து, உடனே வெறுந்தண்ணீரால் துடைக்க வேண்டும். எந்தச் சிகிச்சையையும் முதலில் கண்ணுக்குப் படாத மூலையில் செய்து பார்ப்பது விவேகம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நில்லாதது. கொஞ்சம் தங்கிவிட்டாலும், ஜன்னல் வெளிச்சமே சில நாட்களில் அதை வெளுத்துவிடும்.

தினசரி சுத்தத்தில் ஒரு சிரமமும் இல்லை. மெல்லிய துணி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர். அதன்பின் வெறுந்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. அதன்பின் உலர்ந்த துணி. கடைசி இரண்டையும் விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஆறு மாசத்தில் மேடை மங்கிவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று புலம்பும் வீடுகளில் போய்ப் பார்த்தால், அலம்பாத சோப்பு நாள்தோறும் ஒரு மெல்லிய படலமாகக் காய்ந்து காய்ந்து மேலே படிந்திருக்கும். இரண்டு நாள் நல்ல தண்ணீரால் துடைத்ததும் மெருகு திரும்பிவிடும். இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிய வீடுகளில் குழாயடியில் உப்புப் பூப்பது இன்னொரு தொல்லை. அது சுண்ணாம்பு, வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து நனைத்து, சில நிமிஷங்களில் துடைத்து, நன்றாக அலம்பிவிட்டால் போகும். காய்ந்துபோன தோசைமாவை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டாமல், ஈரத்துணியைக் கால்மணி நேரம் போட்டு வைத்து, மரக்கரண்டியின் விளிம்பால் தள்ளினால் பொருக்காக எழும்பி வரும்.

இரும்பு நார் ஆகாது. சாம்பல், செங்கற்பொடி, மணல், டப்பாவில் விற்கும் பாத்திரப் பொடி ஆகியவையும் ஆகா. குவார்ட்ஸை எஃகு கீறாதென்பது உண்மையே. ஆனால் மணலும் குவார்ட்ஸ், மேடையும் குவார்ட்ஸ், இடையில் அகப்பட்ட பிசினோ இரண்டுக்கும் எளியது. வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் குத்துவிளக்கைப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்ப்பதை மேடைமேல் வைத்துக்கொள்ளாமல் தொட்டிக்குள்ளேயே செய்துவிட்டால், விளக்கும் பொலியும், மேடையும் பிழைக்கும். ஈரமான இரும்பு தோசைக்கல்லை இரவில் மேடைமேல் வைத்துவிட்டால் காலையில் துருவட்டம் காணலாம். புதிதாக இருக்கையில் எலுமிச்சைச் சாறே அதைக் கழுவிவிடும். துருநீக்கி என்று விற்கும் சில திரவங்களில் முன்சொன்ன கொடிய திராவகம் கலந்திருப்பதுண்டு, ஆகையால் அவை வேண்டாம்.

குளியலறை ஆசிட், பிளீச்சிங் பவுடர், அடைப்பு நீக்கப் போடும் காஸ்டிக் சோடா, பெயிண்டருடைய தின்னர், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் ஆகிய இவற்றுக்கும் பிசினுக்கும் ஒத்துவராது. தொட்டியில் கொட்டும்போது தெறித்தால் உடனே ஏராளமாகத் தண்ணீர் விட்டு அலம்ப வேண்டும். கிரானைட்டுக்குப் பூசுவதுபோல் இதற்கும் சீலர் பூச வேண்டும், மெழுகு தடவ வேண்டும் என்று சொல்லிக் காசு கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம். கிரானைட்டில் நுண்ணிய துளைகள் உண்டு, அவற்றை அடைக்கப் பூச்சு வேண்டும். இதிலோ காற்றை உறிஞ்சி அழுத்தும்போதே பிசின் அவற்றை அடைத்துவிட்டது.

வெயிலைப் பற்றிப் பலர் அறியார். நம் சம்பிரதாயப்படி அடுக்களை வீட்டின் தென்கிழக்கில், அக்கினி மூலையில் அமைகிறது, சமைப்பவர் கிழக்கு நோக்கி நிற்பார், எதிரே ஜன்னல். காலை வெயில் ஏழு மணி முதல் மேடைமேல் நேராக விழும். அதிலுள்ள புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் பட்டால் பாலியெஸ்டர் பிசின் மஞ்சளிக்கும். வெள்ளைப் பலகையில் அது அப்பட்டமாகத் தெரியும், ஒரே இடத்தில் எடுக்காமல் வைத்திருந்த டப்பாவின் அடியில் மட்டும் பழைய வெண்மை தங்கும். திரையிட்டுக்கொள்வது நல்லது. கொல்லைப்புறத் துவைகல்லுக்கும் மொட்டைமாடித் திண்ணைக்கும் இந்தப் பலகை உதவாது. அங்கெல்லாம் எங்கள் வட்டாரத்துக் கருங்கல்லே சிலாக்கியம்.

அடியும் ஆகாது. மேடையின் நட்ட நடுவில் ஏற்படும் அடியைப் பலகை தாங்கிக்கொள்ளும். விளிம்பிலும், தொட்டிக்காக வெட்டிய துவாரத்தை ஒட்டிய குறுகலான பட்டையிலும் தாங்காது. தேங்காயை மேடை ஓரத்தில் தட்டி உடைக்கும் பழக்கம் கருங்கல் காலத்துப் பழக்கம். இஞ்சி பூண்டு நசுக்கும் சிறு உரலை மடித்த துணிமேல் வைத்து இடிக்க வேண்டும். பரணிலிருந்து சாமான் எடுக்க மேடைமேல் ஏறி நிற்பதை, அதுவும் தொட்டிப் பக்கத்தில், எந்தப் பலகையும் மன்னிக்காது.

துடைப்பது எப்படி என்பதோடு நின்றுவிட எனக்கு மனம் இல்லை. இந்தப் பலகையால் உண்டாகும் பெரிய தீங்கு வாங்கியவருக்கு நேருவதில்லை, வெட்டுபவருக்கு நேருகிறது. மேடையாக அமைந்த பின் அதிலிருந்து தூசு எழாது. எத்தனை துடைத்தாலும் வீட்டாருக்கு அபாயம் இல்லை. ஆனால் பலகையை உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் வெண்புகை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய சிலிக்காத் தூள். சுவாசத்தோடு நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று தங்கி, சிலிகோசிஸ் என்ற தீரா நோயை உண்டாக்குகிறது. சிலிக்கா கிரானைட்டில் பெரும்பாலும் பாதிக்கும் கீழே. இந்தப் பலகையிலோ தொண்ணூறு சதவீதத்தைத் தொடுகிறது. இளம் தொழிலாளிகள் பலர் நோயுற்றதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் இப்பலகையைச் செய்வதையும் விற்பதையும் வெட்டிப் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது. உலகிலேயே முதல் தடை அதுதான். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சிலிகோசிஸை அறிவித்தே தீர வேண்டிய தொழில் நோய்களுள் வைத்திருந்தது. வீட்டு வாசலில் கிரைண்டர் மெஷினைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு கைக்குட்டையோடு குந்தியிருக்கும் பையனைத் தேடி எந்தச் சட்டமும் வருவதில்லை.

தங்கை வீட்டில் பலகை பொருத்திய நாளில் நானும் அங்கு இருந்தேன். அடுப்புக்கான வெட்டைக் கூடத்திலேயே வைத்து அறுத்தார்கள். அரைமணி நேரத்தில் வீடு முழுவதும் மாவு மில்லைப்போல் வெளுத்துப்போயிற்று. அறுத்த பையனின் புருவமும் இமையும் வெண்மை. "தண்ணி விட்டு அறுக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டேன். "தரை நனைஞ்சிடும்னு வீட்டுக்காரங்க திட்டுவாங்க சார்" என்றான். வீட்டுக்காரர்களில் நானும் ஒருவன்; அப்போது வாயை மூடிக்கொண்டேன், அந்த மௌனத்தை இன்றளவும் நான் நியாயப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

குவார்ட்ஸ் மேடை போட எண்ணியிருக்கும் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். தொட்டிக்கும் அடுப்புக்கும் குழாய்க்கும் வேண்டிய அளவுகளை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்து, எல்லா வெட்டுகளையும் பட்டறையிலேயே, தண்ணீர் ஓடும் வாளில், மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து, வெட்டி வரச் சொல்லுங்கள். கூர்மூலையில்தான் பிற்காலத்தில் விரிசல் தொடங்குகிறது, ஆகையால் இது உங்களுக்கும் லாபம். வீட்டில் வைத்து வெட்டியே ஆக வேண்டுமென்றால், வெளியில், தண்ணீர் விட்டு, தகுந்த முகமூடி அணிந்து வெட்டட்டும்; நனைந்த தரையை நாம் துடைத்துக்கொள்ளலாம்.

விழுப்புரத்து மேடையில் அந்தக் கற்பூர வடு இன்றும் இருக்கிறது. மருமகள் அதன்மேல் ஒரு தென்னைநார்ப் பிரிமணையைப் போட்டுவிட்டாள்; குக்கர் இறங்கும் இடம் இப்போது அதுதான்.